இடைப்பொழுதுகளில் இரண்டாம் மொழி கற்றல்: தமிழை முன்வைத்து ஒரு விளக்கம்

0. முன்னுரை

பணியில் இருந்துகொண்டே வேறொரு மொழியைக் கற்க முற்படுவோர் கூறும் முதற்குறை நேரமின்மையாகும். பள்ளி ஆசிரியர், வங்கி அலுவலர், செவிலியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைப்பது அரிது. ஆனால் பேருந்துக்குக் காத்திருக்கும் 10 நிமிடம், இரு பாடவேளைகளுக்கு இடையே கிடைக்கும் 5 நிமிடம், உணவு இடைவேளையில் எஞ்சும் சில நிமிடம் எனச் சிதறிய பொழுதுகள் எல்லோர்க்கும் உண்டு. இவற்றைக்கொண்டு ஒரு மொழியைக் கற்க இயலுமா, இயலுமெனில் அம்மொழியின் எப்பகுதியைக் கற்கலாம், எப்பகுதியைக் கற்கலாகாது என்பனவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் வயதுவந்தோர் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றனர்.

இத்தகைய பொழுதைச் 'சிறுபொழுது' எனலாமே என்று தோன்றக்கூடும். அச்சொல் அகப்பொருள் இலக்கணத்தில் வைகறை, காலை முதலிய நாட்கூறுகளுக்கு உரியதாகிவிட்டமையால் 'இடைப்பொழுது' என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது.

நம் நாட்டில் இவ்வினாவுக்குத் தனியானதொரு முதன்மை உண்டு. மும்மொழித் திட்டத்தின் தேவையை ஒட்டி, பிற மாநில ஆசிரியர்க்கு இந்திய மொழிகளைக் கற்பிக்கும் மண்டல மொழி மையங்கள் மைசூரு, புவனேசுவரம், புனே, பட்டியாலா ஆகிய நகரங்களில் தொடங்கப்பட்டன. அங்கு 10 மாதம் முழுநேரமாகத் தமிழ் பயின்ற ஆசிரியர் தம் ஊர் திரும்பியதும், தமிழ் காதில் விழாத சூழலில், பிற பாடங்களின் சுமையோடு பணியாற்ற வேண்டியவராகிறார். ஆக, கற்கும் காலத்தைவிடக் கற்றதைக் காக்கவேண்டிய காலமே நீண்டது. அதற்கென ஒதுக்கப்பட்ட பாடவேளை எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. இடைப்பொழுது ஒன்றே அவரிடம் எஞ்சியிருப்பது.

1. இடைவெளியின் பயன்

சிதறிய நேரத்தைக் குறைபாடுள்ள நேரம் என்று கருதுவது பொதுவழக்கு. ஆறு ஐந்து நிமிடங்கள் சேர்ந்தால் அரை மணி ஆகும், அதுவும் ஒருவாறு பயன்படும் என்ற அளவிலேயே அறிவுரைகள் நின்றுவிடுகின்றன. நினைவாற்றல் பற்றிய ஆய்வுகள் இதனினும் வலிமையான முடிவைத் தருகின்றன. பொழுதுகளின் கூட்டுத்தொகையைப் போலவே அவற்றுக்கு இடையே கழியும் காலமும் கற்றலுக்கு இன்றியமையாதது.

செருமானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து கண்ட முடிவுகளை 1885இல் வெளியிட்டார். மறதி முதல் மணி நேரத்தில் மிக விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்னும் அவரது முடிவு பலரும் அறிந்தது. அதே நூலில் உள்ள மற்றொரு செய்தி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 12 அசைகள் கொண்ட தொடரை ஒரே நாளில் 68 முறை ஓதியதால் மறுநாள் கிடைத்த பயனை, மூன்று நாள்களில் பகிர்ந்து 38 முறை ஓதியதாலேயே அவர் பெற முடிந்தது. ஏறத்தாழப் பாதி உழைப்பு மிச்சமாகிறது.

பொருளற்ற அசைகளும் ஒரே மனிதரும் போதிய சான்றாகுமா என வினவலாம். மொழிக் கற்றலுக்கு நெருங்கிய சான்று ஹாரி பாரிக் தம் குடும்பத்தினர் மூவருடன் தாமும் கற்போராக இருந்து நிகழ்த்தி 1993இல் வெளியிட்ட ஆய்வாகும். ஒவ்வொருவரும் 300 அயன்மொழிச் சொற்களைக் கற்றனர். 14, 28, 56 நாள் இடைவெளிகளில் அவற்றை மீண்டும் பயின்றனர். பயிற்சி முடிந்து 5 ஆண்டுகள் வரை சோதித்துக்கொண்டனர். 56 நாளுக்கு ஒருமுறையாக 13 தடவை பயின்றவை, 14 நாளுக்கு ஒருமுறையாக 26 தடவை பயின்றவற்றுக்கு ஈடாக நினைவில் நின்றன. இடைவெளி நீண்டபோது ஒவ்வொரு தடவையும் மறந்த சொற்கள் மிகுதி. கற்போர்க்கு எரிச்சலும் மிகுதி. ஆனால் ஆண்டுகள் கழிந்தபின் வென்றது நீண்ட இடைவெளியே.

எரிச்சல் பற்றிய குறிப்பு புறக்கணிக்கத் தக்கதன்று. பிரித்தானிய அஞ்சலகப் பணியாளர்க்குத் தட்டச்சுப் பயிற்சி அளித்து ஆலன் பேட்லி, லாங்மன் ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே பயின்ற குழுவினர், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பயின்றோரைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் தேர்ச்சி பெற்றனர். எனினும் தம் பயிற்சிமுறை குறித்து மிகக் குறைவான மனநிறைவு கொண்டிருந்தோரும் அவர்களே. பயில்பவரின் மனநிறைவைக் கொண்டு பயிற்சிமுறையை மதிப்பிடும் நம் படிவங்களை இவ்வாய்வின் ஒளியில் ஒருமுறை பார்ப்பது நன்று.

2. படித்தலும் மீட்டலும்

இடைப்பொழுதில் பெரும்பாலோர் செய்வது சொற்பட்டியலை மீண்டும் பார்வையிடுவதாகும். இடப்புறம் தமிழ்ச்சொல், வலப்புறம் பொருள், இரண்டையும் கண் ஒருசேரக் காண்கிறது, தெரிந்ததுபோல் இருக்கிறது. கார்பிக்கி, ரோடிகர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர் 40 சுவாகிலிச் சொற்களைக் கற்றனர். ஒருமுறை சரியாகச் சொல்லப்பட்ட சொல்லை, ஒரு குழு தொடர்ந்து படித்தது, ஆனால் மீண்டும் சோதித்துக்கொள்ளவில்லை; மற்றொரு குழு மீண்டும் படிக்காமல் சோதனை மட்டும் செய்துகொண்டது. ஒரு வாரத்திற்குப் பின் சோதித்துக்கொண்டோர் நினைவில் ஏறத்தாழ 80 விழுக்காடும், படிக்க மட்டும் செய்தோர் நினைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் எஞ்சின. தாம் எவ்வளவு நினைவில் கொள்வர் என்று முன்னரே கணித்தபோது எல்லாக் குழுவினரும் ஏறத்தாழப் பாதி என்றே கூறியிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

எனவே இடைப்பொழுதில் செய்யத்தக்கது மறைத்து வைத்து மீட்டுச் சொல்லுதல். அதற்குச் சீட்டு போதும். ஒருபுறம் வினா, மறுபுறம் விடை. சரியாகச் சொன்ன சீட்டை நீண்ட இடைவெளிக்குரிய அறைக்கும், தவறியதை முதல் அறைக்கும் மாற்றும் ஐந்தறைப் பெட்டியைச் செபாஸ்தியன் லைட்னர் 1972இல் விளக்கினார். இடைவெளிகளை ஐந்து மடங்காக விரித்துச் செல்லும் அட்டவணையைப் பால் பிம்ஸ்லர் 1967இல் முன்வைத்தார்: 5 நொடி, 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 ஆண்டு. இவ்வெண்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டுவதில்லை. விரியும் இடைவெளிதான் சிறந்ததா, சமமான இடைவெளியும் ஒக்குமா என்பதில் பின்வந்த ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. இடைவெளி வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 10 புதிய சீட்டுகள் எனவும், ஒவ்வொன்றும் 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம் கழித்து மீட்கப்படும் எனவும் கொள்வோம். சில மாதங்களில் நாளொன்றுக்கு 40 சீட்டுகளை மீட்க வேண்டிவரும். ஒன்றுக்கு 10 நொடி எனில் 400 நொடி, அதாவது ஏழு நிமிடத்திற்கும் குறைவு. தவறுபவற்றுக்கும் இடம் கொடுத்தால் 10 நிமிடம். 200 வேலைநாள்களில் 2000 சீட்டுகள் ஆகின்றன. பேருந்து நிறுத்தம் ஒன்றும் தேநீர்க் கடை ஒன்றும் இதற்குப் போதும். (கைப்பேசி நிரல்கள் இக்கணக்கைத் தாமே செய்துவிடுகின்றன. ஆனால் அதே கைப்பேசியில் வரும் செய்திகள் அதே பத்து நிமிடத்தை விழுங்கிவிடுவதும் உண்டு. சட்டைப்பையில் உள்ள சீட்டுக்கு அக்குறை இல்லை.)

இக்கணக்கில் புதிய சீட்டைப் புரிந்துகொள்ளும் நேரம் சேர்க்கப்படவில்லை. அது வேண்டுமென்றே விடப்பட்டது. புரியாத ஒன்றை நின்றுகொண்டே மீட்க இயலாது. எழுதும் வேலை மேசையில் நடக்க வேண்டும். இடைப்பொழுது மீட்டலுக்கு மட்டும் உரியது.

3. சீட்டில் எழுதத்தக்க அலகு

இதுவரை கூறியன எம்மொழிக்கும் பொருந்துவன. தமிழ் கற்போர் இம்முறையில் தோல்வியுறும்போது காரணம் பெரும்பாலும் இடைவெளியில் இருப்பதில்லை; சீட்டில் எழுதப்பட்டதில் இருக்கிறது. 'ஒரு சொல், ஒரு பொருள்' என்னும் அமைப்பைத் தமிழ் வினை ஏற்பதில்லை.

'உடை' என்று ஒருபுறம் எழுதி மறுபுறம் எதனை எழுதுவது? உடைய, உடைந்து என வருவது தன்வினை. உடைக்க, உடைத்து என வருவது பிறவினை. ஆடையைக் குறிக்கும் பெயரும் அதுவே. சேர், மறை, நனை, கெடு ஆகியவற்றின் நிலையும் இத்தகையதே. 'படி' என்பதைப் படிக்க, படித்து எனக் கொண்டால் வாசித்தல். படிய, படிந்து எனக் கொண்டால் தூசி படிதல். பகுதி மட்டும் நினைவில் இருப்பவர் வாக்கியத்தில் 'படிந்தது' எனக் கண்டு 'வாசித்தது' என மொழிபெயர்த்தால் அவர் நினைவு தவறவில்லை. அவரது சீட்டு தவறானது.

ஓசை ஒத்த பகுதிகளும் இறந்தகாலத்தில் பிரிகின்றன. எழு, விழு என்பன எழுந்து, விழுந்து ஆகின்றன. அழு, உழு, தொழு என்பன அழுது, உழுது, தொழுது ஆகின்றன. பகுதியின் வடிவைக் கண்டு இதனை முன்கூட்டி உரைக்க வழியில்லை. ஆதலின் வினைச்சீட்டில் செயவென் எச்சமும் செய்தென் எச்சமும் சேர்ந்தே இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் தெரிந்தால் ஏனைய வடிவங்களுள் பெரும்பாலானவற்றை ஆக்கிக்கொள்ளலாம். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வினைப்பதிவுகளில் இவ்விரு எச்சங்களையும் தருவது கற்போர்க்குப் பெருந்துணை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோ வினையின் வகையை எண்ணால் சுட்டுகிறது. ஆய்வாளர்க்கு அது சிக்கனமான முறை. ஆனால் எண்ணை விளக்கும் அட்டவணையைப் புரட்டப் பேருந்து நிறுத்தத்தில் இயலாது.

பெயர்ச்சொற்களுக்கு இவ்வளவு கவலை வேண்டா. மரம், மரத்தை என மகர ஈறு திரிவதும், வீடு, வீட்டை, ஆறு, ஆற்றை என டகர றகரம் இரட்டிப்பதும் விதிக்கு உட்பட்டவை. விதியை ஒருமுறை வகுப்பில் விளங்கிக்கொண்டால் ஒவ்வொரு பெயருக்கும் வேற்றுமை உருபேற்ற வடிவைச் சீட்டில் எழுதுவது வீண். விதியால் பெறத்தக்கதை மனப்பாடம் செய்வதும், மனப்பாடமாகவே பெறத்தக்கதற்கு விதி தேடுவதும் கற்போர் நேரத்தைக் களவாடும் இரு பழக்கங்கள்.

வினை வேண்டும் வேற்றுமையும் அலகின் பகுதியே. 'தெரி' எனத் தனியே கற்றவர் 'நான் தெரியும்' என்கிறார். 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பசிக்கிறது' என்று தொடராகவே கற்றவர்க்கு இப்பிழை நேர்வதில்லை. கன்னடம், இந்தி பேசுவோர்க்குத் தம் மொழியிலும் இத்தகைய நான்காம் வேற்றுமைத் தொடர்கள் உள்ளன. ஆங்கிலத்தின் வழியாகப் பொருள் எழுதுவதால் அவ்வுதவியை இழக்கின்றனர். பொருளைத் தாய்மொழியிலேயே எழுதுவது நன்று.

இரட்டை வழக்கு தனியொரு சிக்கல். எழுத்து வழக்கிலிருந்து பேச்சு வழக்கைப் பெரும்பாலும் விதிகளால் பெறலாம்: வந்துவிட்டார், வந்துட்டாரு. எதிர்த்திசையில் அவ்வாறன்று. பேச்சில் 'போனா' என்பது 'போனாள்' என்பதாகவும் 'போனால்' என்பதாகவும் இருக்கலாம். 'அவ போனா', 'நீ போனா' எனச் சூழலோடு தந்தால்தான் பிரித்தறிய இயலும். ஆகவே பேச்சு வடிவத் தொடரை வினாப்புறத்திலும் எழுத்து வடிவத்தை விடைப்புறத்திலும் இடுவது கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து. நம் பாடநூல்கள் பலவற்றில் இத்திசை தலைகீழாக உள்ளது.

திசை பற்றிப் பொதுவாகவும் ஒரு சொல். தமிழிலிருந்து தம் மொழிக்குப் பெயர்ப்பவர் தமிழைக் கண்டு பொருள் கூறினால் போதும். வகுப்பில் தமிழ் பேச வேண்டிய ஆசிரியர்க்குப் பொருளைக் கண்டு தமிழ் கூறும் பயிற்சி வேண்டும். இருவர்க்கும் ஒரே சீட்டுக் கட்டைக் கொடுப்பது பொருந்தாது.

4. தொகுக்கும் முறை

தொடக்கநிலைப் பாடநூல்கள் சொற்களை இனவாரியாகத் தருகின்றன: நிறங்கள், பழங்கள், உறவுப் பெயர்கள். பார்க்க அழகாகவும் தேட எளிதாகவும் உள்ள இம்முறை, முதன்முதல் கற்போர்க்கு இடையூறாகிறது. ஓரினச் சொற்களை ஒருசேரக் கற்றவர், தொடர்பற்ற சொற்களைக் கற்றவரைவிட மிகுதியான தடவை முயல வேண்டியிருந்தது என்பதை டிங்கம் 1993இல் காட்டினார். சப்பானிய மொழியினரைக் கொண்டு வேரிங் 1997இல் அதனை உறுதிசெய்தார். சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை ஆகியவற்றை ஒரே நாளில் கற்றவர்க்கு நான்கும் உறவுச்சொற்கள் என்பது மட்டும் தெளிவாக நிற்கிறது. யார் யார் என்பது கலங்கிவிடுகிறது. இவற்றை வெவ்வேறு வாரங்களில் பிரித்துத் தருவதே தக்கது. ஆனால் ஒரே காட்சியில் இடம்பெறும் சொற்கள், எடுத்துக்காட்டாகப் பேருந்து, நடத்துநர், சில்லறை, இறங்கு என்பன, ஒன்றையொன்று கலக்குவதில்லை.

நம் நிகண்டுகள் இனவாரியாகத்தானே அமைந்துள்ளன என்று வினவலாம். சூடாமணி நிகண்டின் முதற்பத்துத் தொகுதிகளும் தேவர், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருள் வகையால் தொகுக்கப்பட்டவையே. ஆனால் அவற்றை ஓதிய மாணவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். யானை எது, மரம் எது என்பது அவர்க்குத் தெரியும். கற்கவேண்டியது அவற்றின் மறுபெயர்களை மட்டுமே. மேலும் செய்யுளின் எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தன. ஒரு சொல் பல பொருள் கூறும் 11ஆம் தொகுதி எதுகை முறையிலேயே வரிசைப்படுத்தப்பட்டிருப்பது நினைவின் தேவையை நூலாசிரியர் நன்கு அறிந்திருந்ததற்குச் சான்று. செய்யுளை நீக்கிவிட்டு இனப்பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்ட பாடநூல், மரபின் பயனற்ற பாதியைப் பெற்றுக்கொண்டது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இடைப்பொழுதுச் சீட்டின் மிகச் சிறந்த பொருள், பல இந்திய மொழிகளில் வடிவொத்துப் பொருள் வேறுபடும் சொற்களாகும். 'அவசரம்' தமிழில் விரைவு. மலையாளத்திலும், 'அவ்சர்' என்னும் வடிவில் இந்தியிலும் வாய்ப்பு. 'சம்சாரம்' தமிழ்ப் பேச்சில் மனைவி, மலையாளத்தில் பேச்சு, இந்தியில் உலகம். 'உபந்நியாசம்' தமிழில் சமயச் சொற்பொழிவு, இந்தியில் புதினம். இந்தியில் கல்வியைக் குறிக்கும் சொல் கன்னடத்திலும் மலையாளத்திலும் தண்டனையைக் குறிக்கிறது. தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவோம்; தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லுக்கு யாரும் புரட்டுவதில்லை. ஆதலின் பிழை அச்சேறும்வரை கண்ணில் படாது. இத்தகைய சொற்கள் ஒரு மொழியிணைக்குச் சில நூறு இருக்கலாம். சீட்டுக் கட்டுக்கு அடங்கும் அளவு.

5. இடைப்பொழுதுக்கு அடங்காதவை

எல்லாவற்றையும் ஐந்து நிமிடத் துண்டுகளாக்கலாம் என்னும் விளம்பர உரைகளை ஏற்க இயலாது. தொடர்ந்த உரையாடலைக் கேட்டு, பேசுவோரின் போக்கைப் பின்பற்றும் திறன் தொடர்ந்து கேட்பதாலேயே வரும். சிறுகதையொன்றில் யார் யாரிடம் எந்தத் தொனியில் பேசுகிறார் என்பதை உணர அக்கதையை ஒரே அமர்வில் படிக்க வேண்டும். புதிய இலக்கணக் கூறும் விளக்கமும் வினாவும் விடையுமாகவே மனத்தில் படியும். அமெரிக்காவில் இசுபானிய மொழி பயின்ற 733 பேரை ஆராய்ந்து பாரிக் 1984இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு, மறதி முதல் 3 முதல் 6 ஆண்டுகளில் மிகுதியாக நிகழ்ந்து, பின்னர் எஞ்சியது ஏறத்தாழ 30 ஆண்டுகள் மாறாமல் நின்றதைக் காட்டியது. எஞ்சும் அளவைத் தீர்மானித்தது தொடக்கத்தில் எவ்வளவு ஆழமாகக் கற்றனர் என்பதே. மண்டல மையத்திலிருந்து திரும்பும் ஆசிரியர்க்கு இதன் பொருள் வெளிப்படை. பத்து மாத வகுப்பை இடைப்பொழுதால் ஈடுசெய்ய முடியாது. வகுப்பு முடிந்த முதல் சில ஆண்டுகளிலேயே சீட்டுக் கட்டு கையில் இருக்க வேண்டும். வழியனுப்பும் நாளில் சான்றிதழோடு அக்கட்டையும் கொடுத்தனுப்பலாம். அதற்காகும் செலவு பெரிதன்று.

இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு பகுதி உண்டு. தமிழ்ப் பெயரெச்சம் தான் தழுவும் பெயரோடு கொண்ட உறவை வெளிப்படையாகச் சொல்வதில்லை. நான் வெட்டிய மரம், நான் வெட்டிய கத்தி, நான் வந்த பேருந்து, நான் வந்த நாள் ஆகியவற்றில் வினையெச்ச உருபோ வேற்றுமையுருபோ இல்லை. கேட்பவரே உறவை உணர்ந்துகொள்கிறார். இந்தியில் பெயர்க்கும்போது எதனை, எதனால், எதில், எப்போது என்பதை வெளிப்படுத்தியே ஆகவேண்டும். ஒருபுறம் பெயரெச்சத் தொடரும், மறுபுறம் 'கத்தியால் வெட்டினேன்' என விரித்த வாக்கியமும் கொண்ட சீட்டு 10 நொடியில் விடை காணத்தக்கது. விரைவும் பழக்கமும் தரும். ஆனால் ஒன்றனுள் ஒன்றாக மூன்று பெயரெச்சங்கள் அடங்கி, எழுவாய்க்கும் முற்றுக்கும் இடையே 20 சொற்கள் நிற்கும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதிப் பயனில்லை. அதனை மேசைமேல் வைத்து, இறுதி வினையிலிருந்து பின்னோக்கிப் பிரித்து, பென்சிலால் அடைப்புக்குறியிட்டே படிக்க வேண்டும்.